ரெடிட்: நெறியாளர்களின் தோளில் நிற்கும் தளம்

தலைப்புவாரியான குழுக்களில் பயனர்கள் பதிவிட்டு உரையாடும் இணையதளமான ரெடிட்டைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் எனக்கு அதன் இடைமுகமும் வேகமும் இரண்டாம்பட்சம்தான். அதன் உயிர், ஊதியம் வாங்காமல் குழுக்களைக் காத்துவரும் நெறியாளர்களிடம் இருக்கிறது. வரலாற்றுக் கேள்விகளுக்கான ஆஸ்க்ஹிஸ்டோரியன்ஸ் குழுவில் ஒரு கேள்வியைத் திறந்தால், முப்பது பின்னூட்டங்கள் இருப்பதாக எண்ணிக்கை காட்டும். கீழே இறங்கிப் பார்த்தால் ‘நீக்கப்பட்டது’ என்ற சொல்லே வரிசையாக நிற்கும். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் வந்து பார்க்கும்போது, துறையைக் கரைத்துக் குடித்த ஒருவர் எழுதிய நீண்ட விடை அங்கே இருக்கக்கூடும். அரைகுறை விடைகளையும் வெற்றுக் கேலிகளையும் யாரோ பொறுமையாகக் களையெடுத்ததால்தான் அது கண்ணில் படுகிறது.

இத்தகைய உழைப்பை நிறுவனம் நடத்திய விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. 2023-இல் வெளியார் உருவாக்கிய செயலிகள் ரெடிட்டின் தரவைக் கேட்டுப் பெறும் வழியான ஏபிஐக்கு, 1,000 அழைப்புகளுக்கு 0.24 டாலர் என்று ரெடிட் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்ட, ரெடிட்டை ஐபோனில் படிக்க உதவிய அப்பல்லோ செயலியின் உருவாக்குநர், ஜூன் 30 அன்று அதை மூடினார். நெறியாளர்கள் பலர் அன்றாடப் பணியைச் செய்துவந்ததே இத்தகைய செயலிகளில்தான் என்பதால், ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான குழுக்கள் எதிர்ப்பாக, வெளியார் பார்க்க முடியாதபடி கதவடைத்தன. பார்வையற்றோருக்கு உதவும் சில செயலிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மற்றபடி நிறுவனம் இறங்கிவரவில்லை. குழுக்களைத் தொடர்ந்து மூடிவைத்தால் நெறியாளர்களை மாற்றவும் நேரும் என்று எச்சரித்தது.

தன் சேவைக்குக் கட்டணம் கேட்பது நிறுவனத்தின் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூலியில்லாமல் உழைப்பவர்களுக்கு எதிர்ப்பைக் காட்ட இருந்த ஒரே வழி கதவைச் சாத்துவதுதான். 2024 செப்டம்பர் இறுதியில், பொதுக் குழுவை, அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கும் தனிக்குழுவாக மாற்றவே நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று விதி வந்ததும் அந்த வழியும் அடைபட்டது. 2010-இல், ரெடிட்டைப் போலவே இணைப்புகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் டிக் தளத்தின் புதிய வடிவத்தை வெறுத்தவர்கள் ரெடிட்டுக்கு மாறினார்கள். இன்று ரெடிட்டில் மனம் கசந்தவர்களுக்கு அவ்வளவு பெரிய மாற்றிடம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளிய இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதால், தயக்கத்தோடு பரிந்துரைக்கிறேன். புதிதாகச் சேர்பவர்கள் எழுதத் தொடங்கும் முன், நீக்கப்பட்ட பதிவுகளின் கீழே நெறியாளர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். காரணம் சொல்லி நீக்கும் குழுவாக இருந்தால் அங்கே தங்கலாம்.