பழைய பெட்ரோல் ஜீப்புக்கு டைமிங் கியர் மாற்றப் போகிறீர்களா, மூடி மாட்டுவதற்கு முன் போய் நின்று பாருங்கள்

பழைய வில்லிஸ், மஹிந்திரா பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். என்னுடையது அறுபதுகளில் வந்த வண்டி, 2199 சிசி ஹரிக்கேன் இன்ஜின். கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் சரியான நேரத்துக்குச் சுற்ற வைப்பதுதான் டைமிங் கியரின் வேலை. இதில் டைமிங் செயின் கிடையாது; கிராங்க் ஷாஃப்டில் இரும்புக் கியர், கேம் ஷாஃப்டில் ஃபைபர் கியர், இரண்டும் நேராகக் கடித்துக்கொண்டு ஓடும். முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்ததால் ஒரு பட்டறையில் விட்டேன். இரண்டு கியரும் புதுசு போட்டாச்சு என்று சொல்லி, செட்டுக்கான காசை முழுசாக வாங்கிக்கொண்டார்கள். பழைய கியர் எங்கே என்று கேட்டதற்கு "அது ஸ்கிராப்புல போயிடுச்சு சார்" என்றார்கள்.

சில வாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை. போடிமெட்டு ஏற்றத்தில், முன்கூட்டி ஒரு திணறல்கூட இல்லாமல், பட்டென்று நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, அதற்குள் சுற்ற வேண்டிய ரோட்டர் அசையவே இல்லை. கேம் ஷாஃப்ட் சுற்றினால்தான் ஆயில் பம்ப்பும் அது வழியாக டிஸ்ட்ரிபியூட்டரும் சுற்றும், அதனால் ஃபைபர் கியரின் பல் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கட்டி இழுத்து வந்து வேறொரு மெக்கானிக்கிடம் பிரித்தபோது பக்கத்திலேயே நின்றேன். ஃபைபர் கியர் மட்டும்தான் புதுசு. கிராங்க் கியர் பழையதேதான், பல் நுனியெல்லாம் தேய்ந்து கூராகி, ஒரு பல்லின் ஓரம் உடைந்து, புது ஃபைபரை அரம் போல ராவித் தள்ளியிருக்கிறது. கியர் இரண்டும் கடிக்கிற இடத்தில் எண்ணெய் பீய்ச்சுவதற்கு பிளாக்கில் ஒரு சின்ன ஜெட் உண்டு, அதன் வாயில் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் காய்ந்து அடைத்திருந்தது. மூடிக்கு அடியில் பேக்கிங் (கேஸ்கெட்) வெட்டிப் போடச் சோம்பல்பட்டு பேஸ்ட்டை அப்பியிருக்கிறார்கள்! இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சேம்பரை இறக்கினால், எண்ணெயை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலை முழுக்க ஃபைபர் கியரின் பழுப்புத் துணுக்குகள்.

ஒரு இரும்புக் கியரின் விலையை மிச்சம் பிடிக்க இந்த இன்ஜினையே காவு கொடுக்கத் துணிந்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. போன் செய்தால் "மலையில லோடு ஏத்தினா அப்படித்தான் சார்" என்கிறார்கள். மலையில் ஓடத்தானே ஜீப்?

யாரிடம் கொடுத்தாலும் பழைய கியர் இரண்டையும் கையில் கேட்டு வாங்குங்கள். மூடி மாட்டும் முன் இரண்டு கியரிலும் உள்ள குறிப்புள்ளிகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா, ஜெட் திறந்திருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பல் இடைவெளி, அதாவது கடித்து நிற்கும் பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம், அது 0.002 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. இதை அளக்க டயல் கேஜ் எதற்கு, கையால் ஆட்டினாலே தெரியும் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பல் உடைந்த வண்டி என்றால் சேம்பரை இறக்கிக் கழுவாமல் வேலை முடிந்ததாக ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

பில்லில் 'டைமிங் கியர் செட்' என்று அவர்கள் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார்கள். காசைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், தராவிட்டால் அந்தப் பில்லோடும் தேய்ந்த கியரோடும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறேன்.