டியாகோ ஈவியோடு இரண்டரை வருடம்: விலை, வரி, மானியம், கரண்ட் பில்

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்கு மின்சார கார் வாங்கினால் மத்திய அரசின் மானியம் ஒரு ரூபாய்கூட கிடையாது. நான் டாடா டியாகோ ஈவி வாங்கிய 2023 பிப்ரவரியிலும் கிடையாது, அதற்குப் பிறகும் வரவில்லை. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து வாசலில் வண்டி வந்து நின்ற நாளிலிருந்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "ஏங்கண்ணு, கவர்மெண்ட்டு மானியம் எவ்வளவு வந்துச்சு?" சொட்டு நீருக்கும் டிராக்டருக்கும் மனு கொடுத்து, மானியம் பாஸ்புக்கில் ஏறிப் பழகிய ஊர். "கைக்கு ஒண்ணும் வராதுங்க மாமா, ரோடு டேக்ஸ் மட்டும் இல்லீங்க" என்றால் யாரும் நம்புவதில்லை. எதையோ மறைக்கிறான் என்று பார்க்கிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. மின்சார வாகனங்களுக்கென்று மத்திய அரசு 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச் வரை ஓட்டிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டம் 10,000 கோடி ரூபாயில் தொடங்கி, கடைசியில் 11,500 கோடியான திட்டம். அதில் கார்களும் இருந்தன, ஆனால் வாடகைக்கும் வணிகத்துக்கும் ஓடும் கார்கள் மட்டும். வீட்டுக்கு வாங்கும் ஸ்கூட்டருக்கு மானியம் இருந்தது, வீட்டுக்கு வாங்கும் காருக்கு இல்லை. அதற்கு அடுத்து 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்திலும் இரண்டு சக்கரம், மூன்று சக்கரம், பஸ், லாரி, ஆம்புலன்ஸ், சார்ஜிங் நிலையம் எல்லாம் இருந்தன, சொந்தக் கார் இல்லை. இன்னொரு பக்கம் டெல்லியும் குஜராத்தும் தங்கள் மாநிலத்தில் பதிவாகும் கார்களுக்கு ஒன்றரை லட்சம் வரை கொடுத்தன. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஈரோட்டில் ஷோரூமுக்குப் போனால் ஏமாற்றம்தான். நான் முதலில் போன ஒரு ஷோரூமில் விற்பனைப் பையன் "சப்சிடி கழிச்ச விலைதாங்க இது" என்று கூசாமல் சொன்னார். எந்தத் திட்டத்தில், எவ்வளவு, கொட்டேஷனில் எழுதிக் கொடுங்கள் என்றேன். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று போனவர் டீயோடு திரும்பி வந்தார். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை ஒருவர் அங்கே 7,500 டாலர் வரிச் சலுகை உண்டு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதையும் 2025 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள்.

சரி, அரசால் எதுவுமே கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. கட்டாமல் விட்ட பணமாகக் கிடைத்தது.

பெரியது சாலை வரி. நான் வாங்கியபோது தமிழ்நாட்டில் மின்சார வாகனங்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி. நான் முதலிலேயே புக் செய்தவர்களுக்கான அறிமுக விலையில், 9.99 லட்சத்துக்கு வாங்கினேன். அப்போது பத்து லட்சம் வரை காருக்கு ஆயுள் வரி பத்து சதவீதம், ஆக ஒரு லட்சம் மிச்சம். 2023 நவம்பரில் மாநில அரசு இந்த வரியை ஏற்றியது: ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18 சதவீதம். அதனால், தள்ளுபடி இருக்கும்வரை, பதினொரு லட்சம் ரூபாய்க்கு மின்சார கார் பார்ப்பவர் அதே விலைப் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் 1.98 லட்சம் வரி இல்லாமல் வாங்குகிறார். ஏறியது பெட்ரோல்காரர்களுக்கு, லாபம் நமக்கு. ஆனால் இது தேதி போட்டுக் கொடுக்கும் சலுகை. 2022 டிசம்பரில் முடிய வேண்டியதை 2025 டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். புக் செய்த நாளைப் பார்க்காதீர்கள், வண்டி பதிவாகும் நாளில் எந்த ஆணை அமலில் இருக்கிறது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு டெலிவரி தேதியை முடிவு செய்யுங்கள். வருடக் கடைசியில் வாங்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அடுத்தது ஜிஎஸ்டி. 2019 ஆகஸ்டிலிருந்து மின்சார வாகனத்துக்கு 5 சதவீதம்தான். நான் வாங்கியபோது சின்னப் பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மின்சார காரின் வரி அப்படியே இருக்கிறது, ஆனால் பக்கத்தில் நிற்கும் பெட்ரோல் கார் மலிவாகிவிட்டது. என் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு இப்போது வாங்கப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வருமான வரியில் 80ஈஈபி என்று ஒரு பிரிவு. மின்சார வாகனக் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். கடன் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், பழைய வரி முறையில் இருக்க வேண்டும். என் கடன் அந்த வருடம் பிப்ரவரியில் அனுமதியானதால் எனக்கு உண்டு. என்னைப் பார்த்து அடுத்த வருடம் வாங்கிய மச்சானுக்கு இல்லை. இன்றைக்கும் சில ஷோரூம்களில் இதைச் சொல்லி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், நம்ப வேண்டாம். திருப்பூரில் கம்பெனி பெயரில் வாங்குபவர்களுக்கு வேறு ஒன்று இருக்கிறது: வரிக் கணக்கில் வருடா வருடம் கழித்துக்கொள்ளும் தேய்மானம், சாதாரணக் காருக்கு 15 சதவீதமாக இருப்பது, மின்சார வாகனத்துக்கு 40 சதவீதம். நான் கணக்கு எழுதும் பனியன் கம்பெனியில் முதலாளி வாங்கியதே அதற்காகத்தான். ஆடிட்டரிடம் கேட்டால் அவரே குஷியாகிவிடுவார்.

இனி வண்டி. பேட்டரியில் 24 யூனிட் மின்சாரம் பிடிக்கும். சான்றிதழில் 315 கிலோமீட்டர் என்று இருக்கும். அது சோதனைக் கூடத்துக் கணக்கு, எந்த மின்சார காருக்கும் அதில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு திட்டம் போடுவது நல்லது. எனக்கு ஏசியோடு 190 முதல் 210 வரை கிடைக்கிறது. தினமும் திருப்பூர் போய் வர அறுபது கிலோமீட்டர்தான் என்பதால் இந்தக் கவலையே வருவதில்லை. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது, ஓடோமீட்டர் ஐம்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. சர்வீஸில் ஆயில் மாற்றுவது இல்லை, பிரேக் கட்டை தேயவில்லை. உள்ளே இருக்கும் வசதிகளைப் பற்றிப் பேச யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

அவர்கள் சொல்லாத ஒன்று, நம் பக்கத்துக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் சுற்றிலும் அத்தனை காற்றாலைகள். அந்த மாதங்களில் கோயமுத்தூரை நோக்கிப் போகும்போது காற்று எதிரே அடிக்கிறது. வண்டி தின்னும் மின்சாரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். போகும்போது பாதி போய்விட்டதே என்று பதற வேண்டியதில்லை, வேகத்தை எண்பதில் வைத்தால் போதும். மலை இன்னொரு பாடம். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது பேட்டரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலி. இறங்கும்போது பிரேக் மிதிக்காமலே வண்டி தன்னைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சார்ஜையும் திருப்பிக் கொடுத்தது. மேலே தங்கும் இடத்தில் நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்ப ஏற இடம் இருக்காது, பிரேக்தான் சூடாகும்.

சார்ஜ் போடுவது வீட்டில்தான். 15 ஆம்பியர் பிளக் போதும், ராத்திரி போட்டால் காலையில் ரெடி. ஆனால் எர்த் சரியாக இல்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எங்களுடையது மழை குறைந்த கொரங்காட்டுப் பூமி. பழைய எர்த் குழியில் ஈரமே இல்லை. எலக்ட்ரீஷியன் புதுக் குழி ஆழமாக எடுத்து, கரியும் உப்பும் போட்டு மூடி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எங்கள் அம்மிச்சி அதைச் செடிக்குத் தண்ணீர் விடுவது போல மறக்காமல் ஊற்றுகிறார்.

மோட்டார் ரூமில் இலவச மின்சாரம் இருக்கிறதே, அதில் போட்டால் செலவே இல்லையே என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். விவசாய இணைப்பு பம்புசெட்டுக்கு மட்டும். கார் போட்டால் அனுமதியில்லாத பயன்பாடு என்று அபராதம் வரும், அதில் ஒரு வருடப் பெட்ரோல் காசு போய்விடும்.

வீட்டு இணைப்பில் என்ன ஆகிறது என்று பாருங்கள். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டுக்கு எனக்கு ஏழரை கிலோமீட்டர். மாதம் 200 யூனிட், இரண்டு மாத பில்லில் 400 யூனிட். வீட்டுச் செலவு ஏற்கெனவே 300 என்றால் மொத்தம் 700. ஐநூறைத் தாண்டியதும் 101 முதல் 200 வரை இருக்கும் சலுகை விலை போய்விடும், 2024 ஜூலைக் கட்டணப்படி ஐநூறுக்கு மேல் யூனிட் 8.55, அறுநூறுக்கு மேல் 9.65. பில் மூவாயிரத்துச் சொச்சம் கூடுகிறது. அதில் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறேன் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். நூறைத் தாண்டிய பெட்ரோலில், லிட்டருக்கு பதினாறு கொடுக்கும் வண்டியில் இதுவே ஆறு ரூபாய்க்கு மேல். ஆக கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம்.

பொதுச் சார்ஜரையே நம்பி வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே யூனிட் இருபது ரூபாயை ஒட்டி, மேலே ஜிஎஸ்டி 18 சதவீதம். கிலோமீட்டர் மூன்று ரூபாய்க்குப் போய்விடும். சேலம் போகும் வழியில் ஒரு சார்ஜர் ஆப்பில் பச்சையாகக் காட்டியது, நேரில் போனால் திரை செத்துக் கிடந்தது. ஆப்பில் போட்ட பணம் திரும்ப வர ஒரு மாதம் ஆனது. அன்றிலிருந்து முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன்னரே சார்ஜர் தேட ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் வீட்டுக்கு அரசிடமிருந்து பாஸ்புக்கில் ஏறிய ஒரே பணம் கூரைக்கு வந்ததுதான். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்யகர் திட்டத்தில் மூன்று கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம். போட்ட பிறகு கரண்ட் பில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மின்சார கார் வாங்க நினைப்பவர்கள் காரைவிட இதை முதலில் விசாரிக்கலாம் என்பேன்.

யாருக்குக் கட்டுபடியாகும்? அதே அளவுப் பெட்ரோல் வண்டிக்கும் இதற்கும், சாலை வரி கழித்த பிறகு, இரண்டு லட்சம் வித்தியாசம் என்று வையுங்கள். ஐந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் கிலோமீட்டரில் எடுத்துவிடலாம். மாதம் 1,500 ஓடினால் இரண்டு வருடம் சொச்சம். மாதம் நானூறு ஓடுபவர் எட்டு வருடம் காத்திருக்க வேண்டும், அவருக்கு நான் பெட்ரோல் வண்டியைத்தான் சொல்வேன். பேட்டரியை வாடகைக்குக் கொடுத்து வண்டி விலையைக் குறைத்துக் காட்டும் திட்டங்களிலும் இதையே பாருங்கள். 2024 செப்டம்பரில் எம்ஜி காமெட்டை 4.99 லட்சம், கிலோமீட்டருக்கு 2.50 வாடகை என்று அறிவித்தார்கள். கரண்டையும் சேர்த்தால் மூன்றரை ரூபாய், மிச்சம் பாதியாகிவிடுகிறது. மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பேட்டரி வாடகை வசூலிக்கும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

பழைய வண்டிச் சந்தையில் இப்போது மின்சார கார்கள் நல்ல விலைக்கு இறங்கி வருகின்றன. டியாகோவுக்கு அறிமுகத்தில் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. வாங்குவதானால் அந்த வாரண்டி இரண்டாவது ஓனருக்கும் வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வேகச் சார்ஜரிலேயே ஓடிய வாடகை வண்டியாக இருந்தால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.