தரைக்கடியில் கேபிள் போடுகிறார்களா? குழியை மூடும் முன் டேப்பைப் போட்டு அளந்துவிடுங்கள்

வீட்டுக்கு மேலே போகும் சர்வீஸ் ஒயரை எடுத்துவிட்டுத் தரைக்கடியில் கேபிள் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மதுரைப் புறநகரில் எங்கள் வீட்டில் நடந்தது. ஆள் பெயரைப் போடப்போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குத் தேவை அவர் பெயர் இல்லை, அவர் கையாண்ட வழிதான்.

எங்கள் வீடு மனையின் பின்பக்கம் இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயர் முன்னால் உள்ள போர்டிகோவைத் தாண்டி வந்து வீட்டுச் சுவரில் மீட்டருக்கு இறங்கும். போர்டிகோவை ஒட்டி ஒரு மாடித்தளம் எடுத்தோம். தளம் உயர்ந்ததும் ஒயர் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஒயரிங் வேலைக்கு வந்திருந்த ஒப்பந்ததாரர் உடனே டேப்பை எடுத்தார். "சார், ரெண்டரை மீட்டர் இருக்கணும். இங்க ரெண்டு கூட இல்ல. ரூல் படி இனிமே மேல கொண்டுபோக முடியாது. அண்டர்கிரவுண்டுதான் ஒரே வழி. இல்லன்னா கனெக்‌ஷனையே கட் பண்ணிடுவாங்க."

அவர் சொன்ன அளவு பொய்யில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் அது இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பழைய இந்திய மின்சார விதிகளில் 79ஆவது விதியாக இருந்து, 2010 விதிமுறைகளுக்கும், பிறகு 2023 விதிமுறைகளுக்கும் வந்த விஷயம். தாழ்வழுத்தக் கம்பி (வீடுகளுக்குக் கரண்டு கொண்டுவருவது) தட்டையான மாடிக்கு மேலே போனால் செங்குத்தாக 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அதே விதியில் அடுத்து ஒரு வரி உண்டு. அந்த இடைவெளி கிடைக்காத இடத்தில், நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரை, குறைந்தது 350 கிலோ இழுவை தாங்கும், எர்த் செய்யப்பட்ட தாங்கு கம்பியில் கிளிப் போட்டுக் கொண்டுபோகலாம். அதாவது மேலேயே வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. அதை அவர் வாயே திறக்கவில்லை. மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுத்து இடத்தை வந்து பார்க்கச் சொன்னாலே போதும், எது சரிவரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். விதியில் பாதியைச் சொல்லிப் பயமுறுத்துவதுதான் இந்தத் தொழிலில் முதல் படி.

சரி, ஒத்துக்கொண்டோம். மீட்டரை முன்பக்கக் காம்பவுண்டுக்கு மாற்றும் வேலை மட்டும் மனு, கட்டணம், ரசீது என்று முறையாக நடந்தது. மீட்டரிலிருந்து வீடு வரை சுமார் 25 மீட்டர். அது நம்முடைய பொறுப்பு, அவருடைய வேலை. பேசியது: நாலு கோர், 16 சதுர மில்லிமீட்டர், அலுமினியம், எக்ஸ்.எல்.பி.இ., ஆர்மர்டு கேபிள். அதாவது உள்ளே நாலு அலுமினியக் கம்பி (கோர்), ஒவ்வொன்றின் மேலும் எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷன், எல்லாவற்றுக்கும் மேல் இரும்புக் கவசம். தோண்டுவது, மணல், செங்கல் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். இதை அவர் எழுதிக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டில். நாங்கள் வேலைக்குப் போயிருந்த பகலில் தோண்டி, போட்டு, மூடி, மேலே சிமென்ட் கல்லும் பதித்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது. பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் வேடிக்கை ஆரம்பித்தது. மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) மழை பெய்தாலே ட்ரிப் ஆகும். தூக்கிவிட்டால் நிற்காது. போன் செய்தோம். அவர் வரவில்லை, ஒரு பையனை அனுப்பினார். பையன் பத்து நிமிடம் ஏதோ செய்தான், "இனிமே விழாதுண்ணே" என்றான். உண்மையிலேயே விழவில்லை. ஏனென்றால் அவன் ஆர்.சி.சி.பி.யைச் சுற்றிக்கொண்டு நேராக இணைத்துவிட்டுப் போயிருந்தான். 30 மில்லிஆம்பியர் லீக்கேஜ் வந்தாலே அணைத்து ஆளைக் காப்பாற்றுகிற கருவி அது. அதை எடுத்துவிட்டு "சரி பண்ணியாச்சு" என்று சொல்வதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காசில் ஏமாற்றியதையாவது மறந்துவிடலாம், இதை மன்னிக்க மாட்டேன்.

அடுத்த மழையில் அம்மா துணி துவைக்கிற கல் பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். "டேய், குழாய்ல எர்த் அடிக்குதுடா" என்று கையை உதறிக்கொண்டு வந்தார். காலில் செருப்பு இருந்ததால் அந்த அளவோடு போயிற்று.

பக்கத்து ஊரிலிருந்து வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் செய்த முதல் சோதனையை எல்லோரும் தெரிந்துகொள்ளலாம், கருவி எதுவும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். அப்புறம் மீட்டர் முன்னால் போய் நின்றார். வீட்டில் ஒரு விளக்கு கூட எரியவில்லை, ஆனால் மீட்டரின் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது. "உள்ள ஒண்ணும் ஓடல தம்பி. மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவுல மண்ணுதான் கரண்டு குடிக்குது" என்றார். எங்கள் பில் ஏறியதற்கும் அதுதான் காரணம். பிறகு சப்ளையைத் துண்டித்து, கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி, மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்த்தார். 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் சோதித்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது நெடுநாள் விதி. எங்கள் கேபிளில் ஒரு ஃபேஸுக்கு முள் ஏறவே இல்லை.

கல்லைப் பெயர்த்துத் தோண்டினோம். தோண்டினோம் என்று சொல்வதே அதிகம், மண்வெட்டி இரண்டு கொத்து போட்டதுமே கேபிள் தெரிந்தது. தரைக்கடி கேபிளுக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 1255. அதன்படி தாழ்வழுத்தக் கேபிளின் மேல்பகுதி தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும், சாலையைக் கடந்தால் 1 மீட்டர். எங்களுடையது சில இடங்களில் ஒரு ஜாண்தான். மணலும் இல்லை, மேலே செங்கலும் இல்லை. உடைந்த ஜல்லி நேராகக் கேபிள் மேல் கிடந்தது. தண்ணீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அவர்களோ தனிக் குழி எதற்கென்று குழாய் போன அதே பள்ளத்தில் ஒட்டிப் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு எர்த் அடித்த வழி அதுதான்.

நடுவில் ஒரு ஜாயின்ட். எங்கோ மிச்சமான இரண்டு துண்டுகளை முறுக்கி, கடையில் விற்கும் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் ஜாயின்ட் தவிர்க்க முடியாவிட்டால் அதற்கென்று ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) அல்லது ரெசின் ஊற்றும் கிட் இருக்கிறது. 25 மீட்டருக்கு ஜாயின்ட்டே தேவையில்லை என்பது வேறு விஷயம். சுவருக்குள் நுழைகிற இடத்தில் கேபிளை எல் மாதிரி மடக்கி ஒடித்திருந்தார்கள். இந்த வகைக் கேபிளை அதன் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது.

இதையெல்லாம் விடப் பெரிய மோசடி, அது ஆர்மர்டு கேபிளே இல்லை. 16 என்று பேசியது 10 சதுர மில்லிமீட்டர், வெறும் பிளாஸ்டிக் உறை. ஆர்மர் என்பது கோர்களுக்கு மேலே சுற்றியிருக்கும் இரும்புப் பட்டை அல்லது கம்பி. இரண்டு முனையிலும் அதை கிளாண்ட் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பூண்) போட்டு எர்த்தோடு இணைப்பார்கள். நாளைக்கு யாராவது கடப்பாரையால் குத்தினால் கடப்பாரை முதலில் எர்த்தில் இருக்கும் இரும்பைத் தொடும், பிறகுதான் கோரைத் தொடும். பிரேக்கர் விழும், ஆள் பிழைக்க வழி உண்டு. எங்கள் கேபிளில் குத்தியிருந்தால் கரண்டுக்குக் கிடைத்த பாதை அந்த ஆள் மட்டும்தான்.

போனில் கேட்டதற்கு வந்த பதில்: "எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க." லைசென்ஸ் எண் கேட்டோம். மாமா பெயரில் இருக்கிறதாம். மாமா வேலை நடந்த இடத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ள மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில்தான் இந்த வேலை நடக்க வேண்டும் என்று அவர் எங்களைப் பயமுறுத்தக் காட்டிய அதே விதிமுறைகள் சொல்கின்றன. மாடியில் நீண்ட டேப் குழிக்குள் ஏன் இறங்கவில்லை என்று கேட்டபோது போனை வைத்துவிட்டார்.

நீங்கள் இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால் கேபிள் சுருள் வாசலில் இறங்கியதும் அதன் உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, 1100 வோல்ட், கோர் எண்ணிக்கை, சதுர மில்லிமீட்டர், ஐ.எஸ். எண் (எக்ஸ்.எல்.பி.இ. என்றால் 7098, பி.வி.சி. என்றால் 1554) எல்லாம் இருக்கும். சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று வந்துவிடும். குழி திறந்திருக்கும்போதே டேப்பை வைத்து அளந்து படம் எடுங்கள். மணல் போட்டதும் ஒரு படம், செங்கல் அடுக்கியதும் ஒரு படம். மெகர் போட்ட அளவை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில் என்றால் துண்டுச் சீட்டு இல்லை. வீட்டில் ஆள் இல்லாத நாளில் குழியை மூடுகிறேன் என்றால் விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாயிற்று. ஆர்.சி.சி.பி. திரும்ப வந்துவிட்டது, மழையில் விழுவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தோம், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய பதிவு, தோண்டிய குழியின் படங்கள், வெட்டி எடுத்த அந்த ஜாயின்ட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஆள் இப்போதும் எங்கள் பக்கம் புது வீடுகளில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். சமீபத்தில் யாரிடமாவது தரைக்கடி கேபிள் போட்டவர்கள் இன்று இரவே உள் மெயினை அணைத்துவிட்டு மீட்டர் புள்ளி மின்னுகிறதா என்று பாருங்கள்.