ஸ்காபுரோ வீட்டுக்கு வெள்ளவத்தையில் போட்ட கணக்கு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம் இருக்கிறது. கியூ.எஸ். வேலை, அதாவது கட்டடத்துக்கு அளவும் செலவும் கணக்குப் போடும் வேலை செய்யும் சிறிய இடம். இங்கிருந்தபடியே கனடா வீடுகளுக்கும் மதிப்பீடு தயாரித்துக் கொடுக்கிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபுரோ பகுதியில் இருக்கும் என் அண்ணாவின் வீட்டுக்குப் பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்ட இவர்களிடம்தான் மதிப்பீடு எடுத்தோம். நல்ல வேலை செய்தார்கள். குறைகளும் உண்டு. கொழும்பில் பாதி, கனடாவில் பாதி என்று பிரிந்திருக்கும் குடும்பங்கள் நம்மவர்களில் நிறைய இருப்பதால் இரண்டையும் விவரமாகவே எழுதுகிறேன்.

அம்மா அண்ணாவோடுதான் இருக்கிறார். முழங்கால் தேய்ந்து, படி ஏறி இறங்க முடியாத நிலை. நிலமட்டத்திலேயே அவருக்கு ஓர் அறை வேண்டும். லண்டனில் இருக்கும் தம்பி பாதிச் செலவைத் தருவதாகச் சொன்னான். "அக்கா, காசு விஷயம் நீங்கள்தான் ஒருக்கால் வடிவாப் பார்க்கோணும்" என்று கணக்கை என்னிடம் விட்டுவிட்டான். கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பி.ஓ.கியூ., அதாவது கட்டட வேலையின் அளவுகளையும் விலைகளையும் வரிசையாக எழுதும் பட்டியல், எனக்குப் பழகிய காகிதம். சீமெந்து மூட்டை, மணல் கியூப், கம்பி, மேசன் பாஸ் கூலி எல்லாம் தெரியும். பனி பெய்யும் ஊரில் ஒரு சுவருக்குள்ளே என்னென்ன இருக்கும், எதற்கெல்லாம் காசு போகும் என்பது இந்த வேலையில்தான் எனக்கு விளங்கியது.

அண்ணாவுக்கு அங்கே இரண்டு ஒப்பந்தக்காரர்கள் விலை கொடுத்திருந்தார்கள். ஒருவர் ஒரே பக்கத்தில், "அறை, குளியலறை, முழுவதும் முடித்துத் தரப்படும்" என்று எழுதி, கீழே ஒரு தொகையைப் போட்டிருந்தார். மற்றவர் நாலு பக்கம் எழுதியிருந்தார், தொகையும் கூடுதல். அண்ணிக்கு முதலாவது பிடித்திருந்தது, தொகை குறைவு என்பதால். எதில் என்ன அடங்கியிருக்கிறது என்று தெரியாமல் எது மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது. வரைபடத்தையும் இரண்டு விலைகளையும் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன்.

அவர்கள் எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை, கேள்விகள்தான் கேட்டார்கள். எனக்குப் பிடித்த முதல் விஷயம் அது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கியூ.எஸ். படித்த ஒரு பிள்ளைதான் எங்கள் வேலையைப் பொறுப்பெடுத்தது. வீடு எந்தக் காலத்தில் கட்டியது? பின்வளவுக்கு இயந்திரம் போக வழி உண்டா? மரம் நிற்கிறதா, அடிமரம் எவ்வளவு பருமன்? மின்சாரப் பெட்டி எத்தனை அம்பியர்? வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? எந்த மாதம் வேலை தொடங்க நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. கொழும்பில் மழைக் காலத்தைத் தவிர்ப்போம், அவ்வளவுதான். அங்கே தொடங்கும் மாதமே செலவுப் பட்டியலில் ஒரு வரியாக வருகிறது.

"அன்ரி, அங்க மேல தெரியிற செலவைவிட நிலத்துக்குக் கீழ போறதைத்தான் முதல்ல பார்க்கோணும்" என்று அந்தப் பிள்ளை சொன்னது. மதிப்பீட்டில் நான் அதிகம் மதிக்கும் பகுதியும் அத்திவாரப் பகுதிதான்.

கொழும்பில் அத்திவாரத்தின் ஆழத்தை மண்ணின் உறுதியைப் பார்த்துத் தீர்மானிப்போம். ரொறன்ரோவில் குளிர் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே அத்திவாரத்தின் அடி சாதாரணமாக 1.2 மீற்றர், அதாவது 4 அடி, நிலத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே நின்றால், உறையும் மண் கீழிருந்து ஈரத்தை இழுத்துப் பனிக்கட்டி அடுக்குகளாகத் தடித்து அத்திவாரத்தையே மேலே தூக்கும். வசந்தத்தில் உருகும்போது மறுபடி இறங்கும். அண்ணாவின் பழைய வீடு நிலக்கீழ் அறையின் ஆழமான சுவரில் நிற்பதால் அசையாது. புதிய அறை மட்டும் ஏறி இறங்கினால் இரண்டும் சேரும் இடம் வெடிக்கும். ஒரு பக்க விலைக்காரர் "கொங்கிரீட் அத்திவாரம்" என்று மட்டும் எழுதியிருந்தார். ஆழம் எங்கேயும் இல்லை. அண்ணா கேட்டபோது, ஆழம் தோண்டுவது தனிச் செலவு என்று பதில் வந்தது. மலிவாகத் தெரிந்த விலை அந்த ஒரு பதிலோடு மலிவாக இல்லாமல் போய்விட்டது.

மதிப்பீட்டில் அத்திவாரத்துக்கு மூன்று வழிகளைத் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார்கள். முழு நிலக்கீழ் அறை ஒன்று. ஆள் தவழ்ந்து போகக்கூடிய தாழ்ந்த வெளியோடு கூடிய சுவர் இன்னொன்று. நிலத்துக்குள் திருகி இறக்கும் இரும்புத் தூண்கள் மூன்றாவது. தூண்தான் தோண்டும் செலவில் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். தம்பி உடனே அதையே எடுக்கச் சொன்னான். ஆனால் அந்த வரிக்குக் கீழே ஒரு குறிப்பு இருந்தது: தூணில் நிற்கும் அறையின் தரைக்குக் கீழே குளிர்காற்று ஓடும், குளியலறைக் குழாய்கள் அங்கே போனால் உறைந்து வெடிக்கும், ஆகவே தரைக்கு அடியில் கனமான வெப்பக்காப்பும் குழாய்களுக்குச் சூடான மூடிய பாதையும் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிட்டது. அம்மாவின் காலுக்குக் கீழே தரை சில்லென்று இருக்கக் கூடாது என்பதும் எனக்கு முக்கியம். நாங்கள் நடுவில் உள்ள வழியைத் தேர்ந்தோம். விலையை மட்டும் சொல்லாமல், ஒரு விலை இன்னொரு செலவை எப்படி இழுத்துவரும் என்று காட்டியதற்காகவே அந்த அலுவலகத்துக்குக் கொடுத்த காசு தகும்.

தொடங்கும் மாதத்துக்கு வருகிறேன். காற்று 5 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் ஊற்றிய கொங்கிரீட்டைக் குளிரிலிருந்து காக்க வேண்டும். 72 மணித்தியாலத்துக்கு அது 10 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள கட்டட விதி. இங்கே சாக்கை நனைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். அங்கே கூடாரம், சூடாக்கும் இயந்திரம், அதற்கு எரிபொருள். இவர்கள் இதைக் "குளிர்கால வேலை" என்று தனி வரியாக வைத்திருந்தார்கள். மே மாதம் தொடங்கினால் அந்த வரியில் ஒன்றுமில்லை, நவம்பரில் தொடங்கினால் ஒரு கணிசமான தொகை. அனுமதி கிடைத்தவுடன் எந்த மாதமானாலும் தொடங்கிவிட இருந்த அண்ணா, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வசந்தத்துக்குத் தள்ளிவைத்தார்.

சுவரும் கூரையும் அடுத்தது. 2க்கு 6 அங்குல மரச்சட்டம், இடையில் வெப்பக்காப்பு, அறைப் பக்கமாக ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அந்த விரிப்பு ஏன் உள்பக்கம் என்று கேட்டேன். சமையல், குளியல், மூச்சு எல்லாவற்றாலும் வீட்டுக் காற்றில் ஈரம் இருக்கும், அது சுவருக்குள் புகுந்து குளிர்ந்த பலகையில் பட்டால் தண்ணீராகி மரத்தை உக்க வைக்கும் என்றார்கள். கூரை ஓரத்துக்கு ஒட்டும் நீர்த்தடுப்புத் தாள் தனி வரியாக இருந்தது. வீட்டுச் சூடு கூரையால் கசிந்தால் மேலே உள்ள பனி உருகி வழிந்து, குளிர்ந்த ஓரத்தில் மறுபடி உறைந்து அணை கட்டும். பின்னால் தேங்கும் தண்ணீர் உள்ளே இறங்கும். சின்னத் தொகைதான். விடுபட்டால் வரும் நட்டம் சின்னதில்லை.

ஃபர்னஸ் விஷயத்தில் அவர்கள் முடிவான தொகை தரவில்லை. இப்போதுள்ளது புதிய அறையையும் சூடாக்குமா என்பதை அங்கே ஒருவர் முறையாக வெப்ப இழப்புக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதி, போதும் என்றால் ஒரு தொகை, போதாமல் ஹீட் பம்ப் என்ற தனிச் சூடாக்கும் கருவி பூட்டினால் இன்னொரு தொகை என்று வைத்தார்கள். மின்சாரப் பெட்டி 100 அம்பியர்தான். அதை 200 ஆக்கும் செலவும் "தேவைப்பட்டால்" என்ற தலைப்பில் இருந்தது. தெரியாததற்கு ஓர் இலக்கத்தை எழுதி ஒப்பேற்றாமல் விட்டது சரியான நடத்தை.

கணக்குப் பிரிவில் இருந்தவள் என்பதால் அரசாங்க வரி பற்றிய பக்கத்தைத்தான் நான் கூர்ந்து பார்த்தேன். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி 13 வீதம். ஒப்பந்தக்காரர் சொல்லும் விலை பெரும்பாலும் வரி சேராத விலை. 100,000 டொலர் என்று ஒருவர் சொன்னால் கையிலிருந்து போவது 113,000. எதிர்பாராத செலவுக்கு 15 வீதம் ஒதுக்கச் சொன்னார்கள், அதற்கும் வரி உண்டு என்பதைச் சேர்த்தே கூட்டியிருந்தார்கள். பழைய வீட்டுச் சுவரைத் திறக்கும்போது அஸ்பெஸ்டஸ் கலந்த பொருள் கிடைத்தால் அதை அகற்றும் செலவை இந்த ஒதுக்கீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதோடு, அந்த மாகாணத்துக் கட்டுமானச் சட்டப்படி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் 10 வீதத்தை வீட்டுக்காரர் நிறுத்திவைக்க வேண்டும். கொழும்பில் நாங்கள் பிடித்துவைக்கும் ரிடென்ஷன் பழுது வந்தால் திருத்துவிப்பதற்கு. அங்குள்ளது வேறு காரணத்துக்கு: ஒப்பந்தக்காரர் தன் கீழே வேலை செய்த மின்சாரக்காரருக்கோ மரக்காரருக்கோ காசு கொடுக்காமல் போனால், அவர்கள் வீட்டின் மீதே உரிமை கோரலாம். அந்த 10 வீதம் அதற்கான காவல். இது மேலதிகச் செலவில்லை, எப்போது கொடுப்பது என்பது மட்டும்தான். ஆனாலும் தம்பி லண்டனிலிருந்து எந்த மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் இதனால் மாறியது. அந்தப் பட்டியலையும் அவர்களே போட்டுத் தந்தார்கள். நான் கேட்கவில்லை.

மரக் கேள்வியும் வீண் போகவில்லை. பின்வளவில் ஒரு மேப்பிள் நிற்கிறது. தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டம் இருந்தால், சொந்த வளவில் நின்றாலும் அதை வெட்டவோ வேரைச் சேதப்படுத்தவோ ரொறன்ரோ மாநகரசபையின் அனுமதி வேண்டும். அண்ணா அளந்து பார்த்தார், அதற்கும் மேல். வரைபடக்காரரிடம் சொல்லி அறையை மற்றப் பக்கமாக நகர்த்தினார்கள். தோண்டத் தொடங்கிய பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனமில்லை.

இனிக் குறைகள். பொருள்களின் அளவில் நான் ஒரு பிழையும் காணவில்லை, ஆனால் கூலி வீதத்தில் அவர்களுடைய கை பலமில்லை. ஓடு பதிக்கும் கூலியும் குளியலறைக் குழாய் வேலைக் கூலியும் அண்ணா அங்கே விசாரித்ததைவிடக் குறைவாக இருந்தன. கொழும்பில் இருந்துகொண்டு ஸ்காபுரோவின் இன்றைய கூலியை அறிவது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் அந்த வரிகளில் "உள்ளூரில் உறுதிப்படுத்தவும்" என்று எழுதியிருக்க வேண்டும். ஃபர்னஸுக்குக் காட்டிய நேர்மையை இதிலும் காட்டியிருக்கலாம். வரைபடக் கட்டணமும் அனுமதிக் கட்டணமும் முதல் பிரதியில் இல்லை, கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். அறையை நகர்த்தியதால் வந்த திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். அது நியாயம்தான், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில். யாருக்காகக் கட்டுகிறோமோ அந்த அம்மாவால் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. தமிழ்க் குடும்பங்களே அதிகம் வரும் ஓர் அலுவலகம் ஒரு பக்கச் சுருக்கத்தையாவது தமிழில் தரலாம். இதை அவர்களிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

நேரமும் ஒரு சிக்கல். ரொறன்ரோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அலுவலகம் மாலையில் மூடும்போது அண்ணாவுக்கு அப்போதுதான் விடிகிறது. வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுப் போட்டுத்தான் வேலை நடந்தது. அண்ணாவோடு நேரடியாகப் பேசுவதற்காக ஒருநாள் அந்தப் பிள்ளை இரவு வரை இருந்தது. அதற்குக் காசு கேட்கவில்லை.

போகிறவர்கள் அளவு குறித்த வரைபடம், காணியின் சேர்வே படம், மின்சாரப் பெட்டி, ஃபர்னஸ் தகடு, பின்வளவு ஆகியவற்றின் படங்கள், ஏற்கனவே வாங்கிய விலைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். ஒப்பந்தக்காரரோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்பே போங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு இந்த அறிக்கை கையில் இருந்தும் பெரிய பயனில்லை. நாலு பக்கம் எழுதியவரைத்தான் அண்ணா தெரிவு செய்தார். அதுவும் மதிப்பீட்டை முன்னால் வைத்து வரி வரியாகப் பேசி, விடுபட்டவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்த்த பிறகுதான்.