பங்குனியா, சித்திரையா? மதுரையிலிருந்து தரைவழியே நாடு கடக்க மூன்று வழிகள்

மூன்று வார விடுப்பு, எண்பதாயிரத்துக்குள் பணம், முதுகில் ஒரு பை. மதுரையிலிருந்து கிளம்பி, அடுத்தடுத்த நாடுகளை ரயிலிலும் பஸ்ஸிலும் கடந்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். இந்தக் கணக்குக்கு மூன்று வழிகள் சரிப்பட்டு வரும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்து, தாய்லாந்து, லாவோஸ் வழியாக வியட்நாம் வரை போவது முதல் வழி. விமானமே ஏறாமல் நேபாளமும் பூட்டானும் பார்ப்பது இரண்டாவது. டெல்லியிலிருந்து அல்மாட்டிக்குப் பறந்து, கஜகஸ்தானிலிருந்து உஸ்பெகிஸ்தானுக்குத் தரைவழியாக இறங்குவது மூன்றாவது.

இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலோர் முதலில் எடுப்பது விசாக் கட்டணத்தையும் விமான டிக்கெட் விலையையும்தான். மார்ச், ஏப்ரலில் போகிறவர்கள் அதற்கு முன்னால் காலண்டரை எடுக்க வேண்டும். பங்குனி முதல் வாரத்தில் அருமையாக இருக்கும் வழி, சித்திரை பிறக்கும்போது புகையிலும் கூட்டத்திலும் மாட்டிக்கொள்ளும். இன்னொரு வழி அப்போதுதான் திறக்கும்.

மலேசியா முதல் வியட்நாம் வரை: மார்ச்சில் கிளம்ப முடிந்தால் மட்டும்

மதுரைக்காரர்களுக்கு மிக வசதியான தொடக்கம் இதுதான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் திருச்சி. அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. மலேசியாவில் 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. 2026 முடிய இந்தச் சலுகை அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பியிருக்க வேண்டும். தாய்லாந்துக்கும் 2025 மே முதல் இதே போன்ற அட்டை, அதே மூன்று நாள் கெடு. இரண்டுமே இலவசம். கட்டணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

சிங்கப்பூரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். அங்கே விசா எடுக்க வேண்டும், கட்டிய பணம் மறுக்கப்பட்டாலும் திரும்பாது, ஒரு இரவுப் படுக்கைக்குக் கொடுப்பதை வைத்து மலேசியாவில் இரண்டு மூன்று இரவு தங்கலாம். குறைந்த பணத்தில் போகும் பயணத்தில் அதற்கு இடமில்லை.

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் பினாங்கின் ஜார்ஜ் டவுன். இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு, பட்டர்வொர்த்திலிருந்து புறநகர் ரயிலில் எல்லை நிலையமான பாடாங் பெசாருக்குப் போகலாம். சுமார் இரண்டு மணி நேரம், விரைவு ரயில் கட்டணத்தில் சிறு பங்குதான். பாடாங் பெசாரின் பெரிய வசதி, இரு நாட்டுக் குடிநுழைவு மேசைகளும் ஒரே ரயில் நிலையத்துக்குள் இருப்பது. பையோடு நடந்து ஒரு மேசையில் வெளியேறி, அடுத்ததில் நுழைந்து, மாலையில் பாங்காக் போகும் படுக்கை வண்டியில் ஏறலாம். இங்கே வண்டியைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் கடிகாரத்தில் ஏமாந்தவர்கள்: மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருக்கும் நேரம் எந்த நாட்டுடையது என்று நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, மலேசியாவின் கிழக்குக் கரை வழியாக சுங்கை கோலோக் எல்லையைத் தொடும் பாதை வரைபடத்தில் கவர்ச்சியாகத் தெரியும். தாய்லாந்தின் யாலா, பட்டானி, நாராதிவாட் மாகாணங்களில் நெடுங்காலமாக வன்முறை நடப்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பாங்காக்கில் வண்டி நிற்பது பழைய ஹுவா லம்போங்கில் அல்ல. 2023 ஜனவரி முதல் நெடுந்தூர வண்டிகள் க்ருங் தெப் அபிவாட் என்ற புதிய நிலையத்துக்கு மாறிவிட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஹுவா லம்போங் பக்கம் ஹாஸ்டல் போட்டவர் காலையில் மெட்ரோவுக்குத் தனியாகச் செலவு செய்வார்.

இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் இந்த வழியின் முக்கியமான முடிவு. பேக்பேக்கர்களின் பழைய பாதை பாங்காக்கிலிருந்து அரண்யப்ரதேத், பொய்பெட் வழியாகக் கம்போடியாவின் அங்கோர் வாட். 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லைத் தகராறு முற்றி, ஜூனில் தரைவழி எல்லைகள் மூடப்பட்டன. ஜூலையிலும் டிசம்பரிலும் சண்டையே நடந்தது. இந்தப் பாதையை நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்னொரு புகழ்பெற்ற பாதை சியாங் மாய், மேகோங் படகு, லுவாங் பிரபாங். நவம்பர், டிசம்பரில் அதற்கு இணையில்லை. பிப்ரவரி முடிந்ததும் வடக்குத் தாய்லாந்திலும் வடக்கு லாவோஸிலும் காட்டுத்தீயும் அறுவடைத் தாளை எரிக்கும் புகையும் சேர்ந்துகொள்ளும். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் புகை வெளியேற வழியில்லாமல் தேங்கும். மார்ச் நடுவிலிருந்து முதல் நல்ல மழை விழும்வரை எதிரிலுள்ள மலையே தெரியாது. ஆஸ்துமா இருப்பவர்கள் நினைத்தே பார்க்கக் கூடாது.

மார்ச்சில் சரியான பாதை குறுக்கே போவது. பாங்காக்கிலிருந்து இரவு பஸ்ஸில் முக்டாஹான், அங்கிருந்து மேகோங்கின் மேல் உள்ள இரண்டாம் நட்புப் பாலத்தைப் பஸ்ஸில் கடந்தால் லாவோஸின் சவன்னாகெட். எல்லையிலேயே லாவோஸ் விசா கிடைக்கும். 40 டாலர் அளவில் ரொக்கம், ஒரு புகைப்படம், ஆறு மாதம் செல்லுபடி மிச்சமுள்ள பாஸ்போர்ட். டாலர் தாள் கிழியாமல், கறையில்லாமல், மடிப்புத் தேயாமல் இருக்க வேண்டும். மூலை கிழிந்த தாளைத் திருப்பித் தருவார்கள். உள்ளூர்ப் பணத்தில் கட்டினால் மாற்று விகிதத்தில் அடி விழும். சவன்னாகெட்டிலிருந்து 9-ஆம் எண் சாலையில் சுமார் 240 கி.மீ. கிழக்கே போனால் லாவோ பாவோ எல்லை. அதைத் தாண்டினால் டோங் ஹா, பிறகு ஹுவே. மார்ச், ஏப்ரலில் வியட்நாமின் நடுப்பகுதியான ஹுவே, டா நாங், ஹோய் ஆன் மழையில்லாமல், தாங்கக்கூடிய வெயிலோடு இருக்கும். அதே நேரத்தில் ஹனோய் தூறலிலும் மூட்டத்திலும் கிடக்கும். ஹோ சி மின் நகரம் வியர்த்துக் கொட்டும். நடுப்பகுதியில் கொண்டுபோய் இறக்குவதால்தான் இந்தக் குறுக்குப் பாதை மதிப்புள்ளது.

வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், 90 நாள் வரை கிடைக்கும். விண்ணப்பத்தில் எந்த எல்லை வழியாக நுழைவீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. பழக்கத்தில் ஹனோய் விமான நிலையத்தைச் சொடுக்கிவிட்டு லாவோ பாவோவில் போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். எல்லைக்குப் பக்கத்தில் தங்கித் திருத்தவும் வசதி குறைவு. சொடுக்குவதற்கு முன் இரண்டு முறை பாருங்கள். திரும்பும்போது டா நாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து திருச்சி என்று விமானம்.

இந்த வழியைக் கெடுக்கும் தேதிகள் இரண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான் என்ற புத்தாண்டு. லாவோஸிலும் அதே நாட்களில் புத்தாண்டு. நம் தமிழ்ப் புத்தாண்டு வாரமேதான். ஊருக்குப் போகும் கூட்டத்தில் ரயில் படுக்கைகள் விற்பனை தொடங்கியதும் தீர்ந்துவிடும், அலுவலகங்கள் மூடியிருக்கும். அடுத்தது நோன்புப் பெருநாள். 2026-இல் அது மார்ச் 20-ஐ ஒட்டி வருகிறது, 2027-இல் மார்ச் 10-ஐ ஒட்டி. அந்த வாரம் மலேசியாவில் ரயிலும் பஸ்ஸும் கிடைப்பது கடினம்.

நேபாளம், பூட்டான்: பாஸ்போர்ட்டே இல்லாமல்

செலவில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. வைகையில் சென்னை போய், ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர். அங்கிருந்து சுமார் மூன்று மணி நேர பஸ்ஸில் எல்லை ஊரான சோனாலி. எல்லை வளைவை நடந்தே தாண்டலாம், முத்திரை எதுவும் கிடையாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்றின் அசல் போதும். ஆதார் செல்லாது. வேலை செய்யும் வயதில் இருப்பவர் ஆதாரை மட்டும் எடுத்துப் போனால் சோதனை வரும்போது சிக்கல்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். கோரக்பூர் வண்டியில் கோடை இடங்கள் சீக்கிரம் நிரம்புவதால் முதல் நாளே உட்கார்ந்துவிடுங்கள்.

வசந்தம் நேபாளத்தின் மலையேற்றப் பருவம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை கோரேபானி பக்கம் லாலி குராஸ் (ரோடோடென்ட்ரான்) மரங்கள் சிவந்து கிடக்கும். அங்கிருந்து 3,210 மீட்டர் உயர பூன் ஹில் ஏறி இறங்க, போக்ராவிலிருந்து நான்கைந்து நாள் போதும். அன்னபூர்ணா பகுதி அனுமதிக்குச் சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். நம் பணத்தில் 625. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய 1.60 என்பது 1993 முதல் மாறாத விகிதம். பெரிய நோட்டுகளை வாங்கத் தயங்கும் கடைகள் உண்டு என்பதால் 100 ரூபாய்த் தாள்களாகக் கட்டி எடுத்துப் போங்கள்.

ஏமாற்றம் எங்கே வரும்? ஏப்ரல் பிற்பகல்களில் இடியும் ஆலங்கட்டியும் சகஜம். காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் விடுதியில் நுழைந்துவிட வேண்டும். போக்ரா பள்ளத்தாக்கிலும் இந்த மாதங்களில் காட்டுத்தீப் புகை மூட்டம் வரும், ஆனால் மேலே ஏற ஏறக் குறையும். பிறகு சாலை. வரைபடத்தில் 180 கி.மீ. என்றிருப்பதைக் கடக்க எட்டு ஒன்பது மணி நேரம் எடுக்கும். ஒரு நாளில் ஒரு பஸ் என்றே திட்டமிடுங்கள்.

பூட்டானை இதோடு சேர்க்கலாமா என்பது முழுக்கப் பணத்தைப் பொறுத்தது. கிழக்கு எல்லையான காக்கர்பிட்டா வழியாக சிலிகுரி வந்து, ஜெய்காவ் போய், ஃபுன்ட்ஷோலிங்கில் நுழையலாம். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். இது தங்குமிடம், சாப்பாடு, வண்டி எல்லாவற்றுக்கும் மேல். நான்கு இரவுக்கு 4,800 ரூபாய் அப்படியே போய்விடும். அந்தப் பணத்தில் நேபாளத்தில் மூன்று நாள் ஓடும். காடுகளைக் காக்கவும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் பூட்டான் இப்படி வசூலிப்பது நியாயம்தான். ஆனால் பணத்தை எண்ணிச் செலவழிக்கும் பயணிக்கு நேபாளத்திலேயே கூடுதலாக ஒரு வாரம் தங்குவது மேல்.

அல்மாட்டி முதல் சமர்கண்ட் வரை: ஏப்ரலுக்கு இதுதான்

முழுத்தேர்வு முடிந்து, ஏப்ரலில்தான் விடுப்பு என்றால் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். மதுரை அக்னி நட்சத்திரத்துக்குத் தயாராகும்போது சமர்கண்டில் பகலில் இருபது, இருபத்தைந்து டிகிரி இருக்கும். ஜூனுக்குப் பிறகு அங்கேயும் வெயில் கொளுத்தும்.

கஜகஸ்தானில் 14 நாள் வரை விசா வேண்டாம். உஸ்பெகிஸ்தான் இ-விசா 20 டாலர்; சில வேலை நாட்களில் மின்னஞ்சலில் வரும். அல்மாட்டியிலிருந்து இரவு ரயிலில் ஷிம்கென்ட், அங்கிருந்து பங்கு டாக்ஸியில் எல்லை, நடந்து கடந்தால் மறுபுறம் தாஷ்கண்ட் டாக்ஸி. எல்லையில் ஓரிரு மணி நேரம் நிற்க வேண்டிவரலாம். வசந்தத் திருநாளான நவ்ரூஸ் வரும் மார்ச் 21-ஐ ஒட்டி அது பல மணி நேரமாகும். கிர்கிஸ்தானையும் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் அதை ஜூலைக்கு வைத்துக்கொள்ளட்டும். சொங் கோல் போன்ற உயர்மலை ஏரிகளுக்குப் போகும் கணவாய்கள் ஏப்ரலில் பனியில் மூடியிருக்கும். மலையைப் பார்க்க முடியாத கிர்கிஸ்தானுக்கு விசா எடுத்துப் போவதில் அர்த்தமில்லை.

தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு அஃப்ரோசியாப் அதிவேக ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வசந்தத்தில் வெளிநாட்டுச் சுற்றுலாக் குழுக்கள் அதை மொத்தமாக வாங்கிவிடும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஷார்க் என்ற இன்னொரு ரயில் இன்னும் ஒன்றரை மணி நேரம் கூட எடுத்தாலும் அதே ஊரில்தான் இறக்கும், விலையும் குறைவு. தங்கும் விடுதிகள் உங்கள் பெயரைப் பதிவு செய்து ரசீது தருவார்கள். அதை வீசாமல் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள், வெளியேறும்போது கேட்கலாம்.

சைவர்களுக்கு இது சிரமமான வழி என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிலாவ் என்ற அரிசிச் சோறு இறைச்சியிலும் கொழுப்பிலும் வெந்தது. தந்தூரில் சுட்ட நான், அச்சிச்சுக் என்ற தக்காளி வெங்காய சாலட், தயிர், பழங்கள் எப்போதும் கிடைக்கும். வசந்தத்தில் மட்டும் கீரை அடைத்த சோம்சா (அவர்கள் ஊர் சமோசா) தெருவெங்கும் வரும். அதிலும் ஆட்டுக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு கிலோ அவல், பொடி வகைகள், ஒரு சின்ன மின்கெட்டில் கையிலிருந்தால் சமாளிக்கலாம்.

பணமும் பெயரும்

டார்ம் படுக்கை, தெருவோரச் சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து நாளுக்கு நேபாளத்தில் 1,600 ரூபாய், தென்கிழக்கு ஆசியாவில் 2,300, உஸ்பெகிஸ்தானில் 2,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும் வித்தியாசம் போய்ச்சேரும் செலவில்தான். அல்மாட்டி வழிக்கு மதுரையிலிருந்து டெல்லிக்கு சம்பர்க் கிராந்தியிலோ திருக்குறளிலோ இரண்டு இரவு, அதற்குமேல் விமானம். ஆகவே பதினாறு நாளுக்குக் குறைவாக அந்த வழியில் போனால் காசு வீண். தாய்லாந்தில் பெரும்பாலான ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடிக்கும் என்பதால் ஒரே தடவையில் பெரிதாக எடுங்கள். நேபாளத்திலும் பூட்டானிலும் பல கடைகளில் யூபிஐ ஓடுகிறது, மலையில் ஓடாது.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது. விமான டிக்கெட்டில் அப்பா பெயரைச் சேர்த்து, இ-விசாவில் சேர்க்காமல் விட்டால் இரண்டும் வேறு ஆளாகிவிடும். பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு எந்திர வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ, அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். விமான நிறுவனத் தளம் காலிக் கட்டத்தை ஏற்காவிட்டால் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்தபின் பணம் கட்டுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கான அந்த விதியின் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் உள்ளன. சுற்றுலாவுக்கு அது தடையில்லை என்றாலும் திருச்சியில் கேள்வி கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், முதல் மூன்று இரவுகளின் தங்குமிட ரசீது, கைச்செலவுக்கான பணம் இவற்றை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்து அங்கே நெட் கிடைக்காமல் தடுமாற வேண்டாம்.