தண்டையார்பேட்டை பக்கம் நர்சிங் ஹோம்ல அட்மிட் பண்ணப் போறீங்களா, இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க

எந்த நர்சிங் ஹோம்னு கேக்காதீங்க, கேஸ் நடக்குது, ஆஸ்பத்திரி பேர எழுதவே கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. நடந்தத மட்டும் சொல்றேன்.

அம்மாவுக்கு 64 வயசு. ரொம்ப வருஷமா சுகர் மாத்திர. காலைல எங்க வீட்டு வாசல்லயே ஆப்பக்கடை போடுவாங்க, 5 மணிக்கு அடுப்பு பத்த வச்சா 9 மணிக்கெல்லாம் மாவு காலி. போன மழை சீசன்ல நாலு நாளா ஜுரம், வாந்தி, தண்ணி குடிச்சா கூட நிக்கல. செவ்வாக்கெழம நைட்டு கண்ணெல்லாம் சொருக ஆரம்பிச்சிடுச்சு. தம்பி ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னான், நான்தான் அங்க கூட்டமா இருக்கும், அம்மா தாங்க மாட்டாங்கன்னு பக்கத்துல இருக்கிற நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவ திருப்பச் சொன்னேன். அந்த வாய இப்ப நானே அடிச்சிக்கிறேன்.

கீழ ரிசப்ஷன் பாத்தா யாருக்கும் நம்பிக்க வரும். ஏசி, மீன் தொட்டி, பூ போட்ட பிள்ளையார், டேபிள் மேல சானிடைசர். 20,000 அட்வான்ஸ் கட்டினப்புறம்தான் மாடிக்கே விட்டாங்க. மாடில ஆறு பெட்டு வார்டு, ஒரே ஒரு வாஷ் பேசின், அதுல தண்ணி வரல, மாப்பு குச்சிய உள்ள சாத்தி வச்சிருந்தாங்க. அத பாத்தப்பவே திரும்பியிருக்கணும். கை கழுவ எடமே இல்லாத வார்டுல யாரு கை கழுவப் போறாங்க? ஆனா அம்மா இருக்கிற நெலமைல அதெல்லாம் மண்டையில ஏறல.

வலது கை பொறங்கைல வென்ஃப்ளான் (நரம்புல குத்தி அப்படியே விட்டு வைக்கிற பிளாஸ்டிக் ஊசி) போட்டு டிரிப்ஸ் ஏத்தினாங்க. ரெண்டு நாள்ல ஜுரம் எறங்கிடுச்சு, அதுல குத்தம் சொல்ல மாட்டேன்.

நாலாவது பெட்ல ஒரு பெரியவரு, சுகர்னால கால்ல புண்ணு, தெனம் டிரெஸ்ஸிங். வியாழக்கெழம காலைல சிஸ்டர் அவரு கட்ட பிரிச்சு, சீழ் தொடச்சு, மருந்து வச்சு கட்டிட்டு, அதே கிளவுஸோட நேரா அம்மாகிட்ட வந்து வென்ஃப்ளான் மூடிய திறந்து ஊசி போட்டாங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன். "சிஸ்டர், கிளவுஸ் மாத்தலியா?"ன்னு கேட்டா, "ஸ்டோர்ல எழுதிக் குடுத்துதான்கா வாங்கணும், ஒரு ஷிப்டுக்கு ரெண்டு ஜோடிதான் குடுப்பாங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு. 20, 21 வயசுதான் இருக்கும், ராத்திரி ஃபுல்லா ஒத்தையா ஆறு பெட்டையும் பாத்துட்டு கண்ணெல்லாம் செவந்து நிக்குது, அதுங்கிட்ட சண்ட போட மனசு வரல.

இன்னொண்ணு, அப்ப எனக்கு அர்த்தம் புரியல, அப்புறம்தான் ஒரு டாக்டர் சொல்லித் தெரிஞ்சிது. ஜன்னல் ஓரம் ஸ்டாண்ட்ல ஒரு சலைன் பாட்டில், மூடில ஒரு ஊசி நிரந்தரமா குத்தியே இருக்கும், வார்டுல யாருக்கு வென்ஃப்ளான் அடைச்சாலும் அதுல இருந்து சிரிஞ்ச்ல உறிஞ்சி தள்ளுவாங்க. எத்தன நாள் பாட்டிலோ, மேல தேதி எதுவும் கெடையாது. ஒருத்தர் ரத்தம் பட்ட சிரிஞ்ச் தப்பித்தவறி திரும்ப அதுல போச்சுன்னா அந்த வார்டு மொத்தத்துக்கும் மஞ்சள் காமாலை கிருமில இருந்து எல்லாம் போகும், அத எங்கயும் செய்யவே கூடாதாம்.

குப்பைக்கு செவப்பு, மஞ்சள்னு ரெண்டு வாளி பேருக்கு இருந்துச்சு. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள்ல, டிரிப்ஸ் டியூப், கிளவுஸ் மாதிரி பிளாஸ்டிக் செவப்புல, ஊசி மட்டும் குத்தாத கெட்டி வெள்ள டப்பால, கண்ணாடி மருந்து பாட்டில் நீலத்துல, 2016 மருத்துவக் கழிவு ரூல்ஸ்ல இருந்தே இதுதான் சட்டம். அங்க ரெண்டு வாளிலயும் இட்லி பார்சல் கவரும் ஊசியும் ஒண்ணா கெடக்கும், ஆயா வெறுங்கையால அள்ளுவாங்க. "குத்திடப் போகுது ஆயா"ன்னா, "எத்தினி வாட்டி குத்திகிச்சு யம்மா, இன்னா பண்றது"ன்னு சிரிக்கிறாங்க.

சனிக்கெழம அம்மா கை வலிக்குதுன்னாங்க. ஊசி போட்ட எடத்த சுத்தி செவந்திருந்துச்சு. நீர் கோத்துகிச்சு, ஐஸ் வைங்கன்னாங்க. ஞாயித்துக்கெழம டியூட்டி டாக்டர் எட்டிப் பாத்துட்டு ஆயின்மென்ட் எழுதினாரு, வென்ஃப்ளான மட்டும் எடுக்கல, எடுத்தா திரும்ப நரம்பு கெடைக்காதாம். திங்கக்கெழம கை பொசுபொசுன்னு உப்பி, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா, அத புடுங்கச் சொல்லும்மா"ன்னு அம்மா அழுறாங்க, ஜுரம் மறுபடி 102. அதுக்கு அவங்க சொன்னது, இன்னும் மூணு நாள் இருக்கட்டும், பெரிய ஆன்டிபயாடிக் போட்டுரலாம். தம்பி கத்த ஆரம்பிச்சிட்டான். கடைசில "எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்" அழைச்சிட்டுப் போறோம்னு கையெழுத்து வாங்கிட்டு, 71,480 ரூபா பில்லு கட்டினப்புறம்தான் லிஃப்ட்ட தொறந்து விட்டாங்க.

ராத்திரி 11 மணிக்கு ஸ்டான்லி. கூட்டம்தான், இல்லன்னு சொல்லல, ஸ்ட்ரெச்சர் கெடைக்க நேரமாச்சு. ஆனா கை ஆபரேஷனுக்குன்னே பேர் போன எடம் அது, நம்ம ஊர்லயே வச்சிக்கிட்டு நான் மீன் தொட்டிய பாத்து மயங்கினேன். அங்க இருந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு, பாட்டில் மருந்த கைல தேச்சிட்டுத்தான் அம்மா கைய தொட்டாங்க, அடுத்த பேஷண்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மறுபடியும் தேச்சாங்க. மொத கேள்வியே "ஏம்மா, இந்த ஊசி எத்தன நாளா இருந்துச்சு?" ஆறு நாள்னதும் பேசல. பிளாஸ்டர்ல போட்ட தேதி எழுதியிருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எங்க எழுதுனாங்க?

அவங்க சொன்னத அப்படியே சொல்றேன். பல எடத்துல 72ல இருந்து 96 மணி நேரத்துக்குள்ள வென்ஃப்ளான மாத்திடுவாங்க, சில டாக்டருங்க எடம் நல்லா இருந்தா விட்டு வைப்பாங்க, அது தப்பில்ல. ஆனா ஒவ்வொரு ஷிப்டும் பாக்கணும், செவந்தாலோ வீங்கினாலோ அந்த நிமிஷமே எடுத்துடணும், நரம்பு கெடைக்காதுன்றது ஒரு பதிலே இல்ல. சுகர் வேற 340 இருந்துச்சு, அதனால சீழ் சீக்கிரம் உள்ள பரவிடுச்சாம். மறுநாள் கீறி சீழ் எடுத்தாங்க. 11 நாள் இருந்தோம், வைத்தியத்துக்கு ஒரு ரூபா வாங்கல. விரல் ரெண்டு இன்னும் முழுசா மடங்க மாட்டேங்குது, பிசியோதெரபி போயிட்டிருக்காங்க. ஆப்பச்சட்டிய பிடிச்சு சுத்த முடியல, இப்ப நான்தான் சுத்துறேன், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பாதி ஆப்பம் ஓரம் பிஞ்சிருது.

இப்ப பில்லு. நான் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல பில்லிங் வேல பாக்குறவ, கட்டின காசு எதுக்குன்னு பாக்காம தூக்கம் வராது. அம்மா ஸ்டான்லில தூங்கிட்டிருந்தப்ப பிரிச்சுப் பாத்தேன். கிளவுஸ் 58 ஜோடி. "இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சார்ஜ்"னு நாளைக்கு 450, ஏழு நாளைக்கு 3,150. வென்ஃப்ளான் 3. அம்மா கைல ஏறினது ஒண்ணே ஒண்ணு. பில்லுல போட்ட மாதிரி நெஜமாவே மூணு மாத்தியிருந்தாங்கன்னா அந்தக் கை தப்பிச்சிருக்கலாம். கெட்ட வைத்தியம்னா கூட மனசு ஆறிடும், கைய பாதுகாக்க நம்மகிட்டயே காசு வாங்கி அந்த வேலைய பண்ணவே இல்ல பாருங்க, அதான் ஆற மாட்டேங்குது.

கேஸ் ஷீட் காப்பி கேட்டா ரெக்கார்ட்ஸ் ஆளு லீவுன்னு ரெண்டு வாரம் இழுத்தாங்க. கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிலயே இருக்கு, அத எழுதி ரெஜிஸ்டர் தபால்ல போட்டதும் மூணாம் நாள் வந்துடுச்சு. அதுல தெனமும் "கேனுலா சைட் நார்மல்"னு, அதாவது வென்ஃப்ளான் போட்ட எடம் நல்லா இருக்குன்னு, ஒரே கையெழுத்துல ஒரே பேனால இருக்கு. சனி, ஞாயிறு, திங்கள், மூணு நாளும் நார்மல். என் போன்ல ஞாயித்துக்கெழம எடுத்த கை போட்டோ இருக்கு, தேதி டைமோட. தயவு செஞ்சு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க, பில்லும் மொத்தமா வேணாம், பிரிச்சு எழுதினது கேளுங்க.

இதுமாதிரி எடமெல்லாம் 1997 தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும். அந்த சர்டிபிகேட்ட எங்கன்னு கேளுங்க. நான் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (அரசோட மருத்துவப் பணிகள் இயக்குநர் ஆபீஸ்) வளாகத்துல புகார் குடுத்திருக்கேன், குப்ப விஷயத்த மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தனியா எழுதியிருக்கேன், நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிட்டு பாக்குற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லிடுச்சு. நாம குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்ளோதான்.

நோட்டீஸ் போன அடுத்த வாரம் அவங்க மேனேஜர் வீட்டுக்கே வந்தாரு, ஒரு ஸ்வீட் பாக்ஸ், 15,000 ரூபா கவர், சிகிச்சைல எங்களுக்கு முழு திருப்தின்னு டைப் பண்ண பேப்பர் ஒண்ணு. பேப்பரையும் கவரையும் தம்பி கையோட திருப்பிக் குடுத்துட்டான். ஸ்வீட்ட அதுக்குள்ள அவன் பசங்க பிரிச்சிடுச்சுங்க. அடுத்த வாய்தா 18ஆம் தேதி.