மனசைக் கேட்பதா, தாளில் எழுதுவதா?

போன மாதம் இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மனசு ஒன்றைக் காட்டியது, சாதக பாதகம் எழுதிப் பார்த்த தாள் இன்னொன்றை. தாள் சொன்னதில் சேர்ந்துவிட்டேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மனசின் வசதி தெரிந்ததுதான்: உடனே பதில் வரும். உள்ளுணர்வு விஷயத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒழுங்குள்ள சூழல், நீண்ட பழக்கம், தவறு சீக்கிரம் தெரியவரும் வாய்ப்பு, இவை இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். சதுரங்கம் ஆடுபவருக்குச் சரி. ஆயுளில் நாலைந்து தடவை வேலை மாறுகிறவருக்கு?

தாள் முறை பழசு. வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, அவரும் ஒரு வேலையை ஏற்பதா என்று குழம்பியவர்தான், யோசனை கேட்டபோது 1772இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதிய பதில் இது: தாளில் நடுக்கோடு போடு, ஒருபுறம் சாதகம், மறுபுறம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுது. சம எடை உள்ளவற்றை இருபுறமும் அடித்துக்கொண்டே வா. இதிலும் ஏமாற்றலாம். பிடித்த பக்கத்துக்கு எடையைக் கூட்டி ஜெயிக்க வைத்திருக்கிறேன்.

இருந்தும் தாள் பக்கம் நிற்கக் காரணம், பின்னால் எடுத்துப் பார்க்கலாம் என்பது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத்துக்கும் போகுமுன், எதெது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் எண்ணாக வாங்கி வைத்தார்கள் உளவியல் ஆய்வாளர்கள் பாருக் ஃபிஷாஃபும் ரூத் பெய்த்தும். பயணம் முடிந்தபின் அந்தப் பழைய எண்களை நினைவுகூரச் சொன்னால், நடந்துவிட்டவற்றுக்கு முதலிலேயே கூடுதல் வாய்ப்புக் கொடுத்ததாகப் பலர் சொன்னார்கள். பொய்யில்லை, நினைவே திருத்திக்கொண்டது. முந்தைய வேலையில் மனசு சொல்லித்தான் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் இன்றுவரை ஆளுக்கொரு காரணம் சொல்கிறேன். அதிலிருந்து என்னத்தைக் கற்பது? புத்திசாலிக்கு இது இன்னும் ஆபத்து, நம்பும்படியான காரணம் அவருக்குச் சீக்கிரம் கிடைத்துவிடும்.

நட்பு, துணை போன்றவற்றில் தாள் எடுபடுமா? முயன்றதில்லை, முயல்வதாகவும் இல்லை. வேலையின் தாளும் இன்னும் சோதனைக்கு வரவில்லை. 'புதிய குழுவோடு ஒத்துப்போகும், 70 சதவீதம்' என்று எழுதி, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி போட்டிருக்கிறேன். முதல் வாரத்தைப் பார்த்தால் 70 கொஞ்சம் அதிகம்தான். அடித்து எழுதக் கை பரபரக்கிறது. தொடவில்லை.